மார்கழிக்கு வீடு திரும்பிய அப்பா

எங்கள் அப்பா எங்களை விட்டுப் பிரிந்து இந்த மாசியோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களிலும் நண்பர்களிலும் பாதிப் பேரிடமாவது அப்பா தம் கையால் பின்னிக் கொடுத்த ஒரு குல்லாவோ மப்ளரோ இருக்கும். "வெயில் ஏறிவிட்ட மாசி மாதத்தில் குல்லாவைப் பற்றி என்ன பேச்சு" என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்குப் பன்னிரண்டு வயதாகும்வரை அப்பா எங்களுக்குக் கொடுத்த கம்பளி உடுப்புகள் அத்தனையும் வெயிலும் மழையுமான மாதங்களில்தான் எங்கள் கைக்கு வந்தன. அது ஏன் என்பதிலிருந்தே அப்பாவின் கதையைச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

அப்பா பிறந்தது எடப்பாடிக்கு மேற்கே, பேருந்தை விட்டு இறங்கி ஒன்றரை மைல் உள்ளே நடக்க வேண்டிய ஒரு சிற்றூரில். உடன்பிறந்தவர் நால்வரில் மூன்றாமவர். தாத்தாவுக்கு இருந்தது வானம் பார்த்த ஒன்றரை ஏக்கர். மழை பெய்த வருடம் சோளமும் கடலைக்காயும் விளையும். பெய்யாத வருடம் வீட்டோடு கூலிக்குப் போவார்கள். எட்டாம் வகுப்போடு அப்பாவின் படிப்பு நின்றது. தறிக்காரர் ஒருவர் வீட்டில் தார் சுற்றும் வேலைக்குப் போனார். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சிறு குச்சிகளில் நூல் சுற்றித் தரும் வேலை அது. நாள் முழுதும் விரல் நடுவே நூல் ஓடிக்கொண்டே இருக்கும். அறுந்த நூலைக் கண்ணால் பார்க்காமலே முடிச்சிடுவதற்கு அங்கேதான் பழகினேன் என்று அப்பா சொல்வார்.

இருபத்தொரு வயதில் திருச்செங்கோட்டுக்குப் போய் ரிக் வண்டியில் சேர்ந்தார். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியைத்தான் எங்கள் பக்கத்தில் ரிக் என்போம். வடக்கே மழைக்காலம் முடிந்து புரட்டாசியில் கிளம்பினால் ஆந்திரா, மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம் என்று போய்க்கொண்டே இருக்கும். மறுவருடம் ஆனியில் அங்கெல்லாம் மழை இறங்கிய பிறகுதான் ஊர் திரும்பும். அப்பா கம்பி தூக்குகிற ஆளாகச் சேர்ந்து, நான்கு வருடத்தில் துளை போடும் பொறியை இயக்குகிற டிரில்லர் ஆனார். அப்பா அம்மா திருமணம் ஆவணியில் நடந்ததற்குக் காரணமே வண்டி நிற்கும் மாதம் அது என்பதுதான். திருமணமான முப்பத்தெட்டாம் நாள் அப்பா வண்டியேறிவிட்டார். தீபாவளி, கார்த்திகை, பொங்கல் எதற்கும் அவர் வீட்டில் இருந்ததில்லை.

அப்பா பின்னல் கற்றுக்கொண்ட கதையை, அந்த வண்டியில் சமையல் செய்த மாமா இன்றும் சொல்லிச் சிரிப்பார். மத்தியப் பிரதேசத்தில் மலையோரமாக, கோதுமை விளையும் ஓர் ஊர். நடுமார்கழி. துளைக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் பழுதாகி, திருச்செங்கோட்டிலிருந்து உதிரிப் பாகம் வந்து சேரும்வரை பதினெட்டு நாள் வண்டி நின்றுவிட்டது. நம் ஆட்கள் சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக் கிடந்தார்கள். நிலத்துக்காரர் வீட்டுப் பெண்கள் காலையில் முற்றத்து வெயிலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவார்களாம். அப்பா எட்ட நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வண்டி மேனேஜருக்குப் பயம் வந்துவிட்டது.

"பொம்பளைக உக்காந்திருக்கற பக்கமே பாத்துக்கிட்டு நிக்காதய்யா. வேத்து ஊரு, வம்பாயிரும்" என்றிருக்கிறார்.

"நான் நூலத்தானுங்க பாக்கறேன். ரெண்டு குச்சிய வெச்சுக்கிட்டு, தறியே இல்லாம துணி நெய்யறாங்களே, அதெப்படீன்னுதான்" என்று அப்பா பதில் சொல்லியிருக்கிறார்.

மேனேஜர் தமக்குத் தெரிந்த இந்தியில் நிலத்துக்காரரிடம் இதைச் சொல்ல, அவர் வீட்டாரிடம் சொல்ல, முற்றமே சிரித்திருக்கிறது. அந்த வீட்டம்மா அப்பாவைக் கூப்பிட்டு இரண்டு ஊசியைக் கையில் கொடுத்தார். மொழி தெரியாது. நூல் கண்ணியை முன்பக்கமாக எடுப்பது ஒன்று, பின்பக்கமாக எடுப்பது ஒன்று, அவ்வளவுதான் பாடம். மற்றதையெல்லாம் அப்பா ஒரு பழைய ஸ்வெட்டரைப் பிரித்துப் பிரித்துத் தாமே தெரிந்துகொண்டார். கிளம்பும்போது அந்த வீட்டார் மிச்சமிருந்த சிவப்பு உல்லன் நூலையும் ஊசிகளையும் அவரிடமே கொடுத்துவிட்டார்கள். அந்த ஊசிகள் தொலைந்த பிறகு சைக்கிள் கம்பியைத் தேய்த்துக் கூராக்கி வைத்துக்கொண்டார்.

அந்தச் சிவப்பு நூலில் அப்பா எனக்கு ஒரு குல்லா பின்னினார். ஆனி மாதம் ஊருக்கு வந்தபோது பெட்டியைத் திறந்து முதலில் எடுத்தது அதைத்தான். எனக்கு அப்போது மூன்று வயது. இதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"ஏனுங்க, நம்மூரு வெயில்ல புள்ளைக்கு இதப் போட்டா மண்டையே வெந்துருமுங்க" என்று அம்மா சிரித்திருக்கிறார்.

"அங்க அப்பிடிக் குளுந்துச்சு. இங்கயும் புள்ளைக்குக் குளுருமாட்ட இருக்குதுன்னே நெனச்சுப் போட்டுட்டேன்."

வைத்துப் பார்த்தால் குல்லா என் காதுக்கு மேலேயே நின்றுவிட்டது. அப்பாவின் முகம் வாடிப்போனது. "போறப்ப எங்கைக்குள்ள அடங்குன தலை இது" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் அந்தக் குல்லாவையே இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம். மறுவருடம் கொண்டுவந்த ஸ்வெட்டரும் சிறியதாகவே இருந்தது. கிளம்பும்போது பார்த்த பிள்ளைக்குத்தான் அவரால் பின்ன முடிந்தது. நான் அதற்குள் வளர்ந்திருந்தேன்.

அம்மா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கார்த்திகையில் அப்பாவுக்குப் போகும் கடிதத்தில் மூன்று நூல்களை வைத்துவிடுவார். ஒரு முடிச்சுப் போட்ட நூல் என் தலையின் சுற்றளவு. இரண்டு முடிச்சு மார்பளவு. மூன்று முடிச்சு கை நீளம். வளர்த்திக்கு இரண்டு விரற்கடை கூட்டி வெட்டிவிடுவார். அதன் பிறகு அப்பா கொண்டுவந்தவை எனக்குச் சரியாக இருந்தன. எனக்குப் பின் ஏழு வருடம் கழித்துப் பங்குனியில் தம்பி பிறந்தான். தாய்மாமா எழுதிய கடிதத்தோடு, குழந்தையின் உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை அளந்த ஒரு நூலும் போனது. அப்பா அதை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக அன்று சாப்பிட மறந்து உட்கார்ந்திருந்ததாகச் சமையல் மாமா சொல்வார். பிள்ளையின் முகத்தை அவர் பார்த்தது மூன்று மாதம் கழித்துத்தான்.

நான் ஏழாவது படிக்கும்போது அந்த விபத்து நடந்தது. மகாராஷ்டிராவில் ஓரிடத்தில் துளைக்குள் இறக்கிக்கொண்டிருந்த இரும்புக் கம்பி நழுவி அப்பாவின் இடது கையில் விழுந்தது. அங்கேயே மருத்துவமனையில் சுண்டு விரலையும் மோதிர விரலையும் எடுத்துவிட்டார்கள். கார்த்திகை தீபத்துக்கு நான்கு நாள் முன்பு, தாடியும் கட்டுப்போட்ட கையுமாக வாசலில் வந்து நின்றார். அம்மாவுக்கு விரல் போன செய்தி தெரியாது. அடிபட்டது என்று மட்டும் தொலைபேசிக் கடையில் சொல்லியிருந்தார்கள்.

"இனி வண்டிக்கு ஆகமாட்டேன்னுட்டாங்க" என்றார் அப்பா. படியேறவில்லை.

அம்மா கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். கண் கலங்கியது. ஆனால் குரல் கலங்கவில்லை. "கால் கழுவீட்டு உள்ள வாங்க. சோறு ஆறிப்போகுது" என்றார்.

அடுத்த பதினைந்து நாள் அப்பா சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். நானும் அவரிடம் அதிகம் போகவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மழைக்காலத்து விருந்தாளியாக இருந்தவர் இப்போது நாள் முழுதும் வீட்டில் இருந்தது எனக்குப் புதிதாக இருந்தது. ஐந்து வயதுத் தம்பி அந்தக் கட்டைப் பார்த்துப் பயந்தான். ஒருநாள் காலை, அப்பா காதுபடவே அம்மாவிடம் கேட்டான்: "அம்மா, இவரு எப்ப ஊருக்குப் போவாரு?"

அம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தார். அப்பா, "அடிக்காத. அவனுக்கென்ன தெரியும்" என்றார். அன்று அவர் காலைச் சோறு சாப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா தறிப் பட்டறை வேலை முடிந்து வந்ததும், அப்பாவின் தகரப்பெட்டியைத் திறந்து ஊசிகளையும் ஒரு மஞ்சள் நூல்கண்டையும் எடுத்து அவர் முன் வைத்தார். மருத்துவர் விரல்களை அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்லியிருந்தார். அப்பா எடுத்துப் பார்த்தார். முன்பெல்லாம் அவர் நூலை இடது சுண்டு விரலில் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடிப்பார். அந்த விரல் இப்போது இல்லை. நூல் தொளதொளவென்று ஓடியது. நான்கைந்து முறை முயன்றுவிட்டு ஊசிகளைத் தள்ளி வைத்தார்.

"போச்சு. இதுவும் போச்சு."

அம்மா தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றினார். அதை அப்பாவின் சட்டையில் இடப்பக்கத்துத் தோளுக்குக் கீழே குத்தி, நூலை அதற்குள் நுழைத்து இழுத்துப் பார்த்தார். நூல் இறுக்கமாக, அளவாக வந்தது.

"இப்பப் போடுங்க, பாக்கலாம்."

முதல் வரிசை முடிய அரை மணி நேரம் ஆனது. கோணலும் மாணலுமாக இருந்தது. மறுநாள் பிரித்துவிட்டு மறுபடி போட்டார். அதற்கும் மறுநாள் மறுபடி. மார்கழி பிறந்தபோது வரிசை நேராகிவிட்டது. அதன் பிறகு கடைசிவரை அப்பா அந்த ஊக்கு இல்லாமல் பின்னியதில்லை.

அந்த மார்கழியை நான் மறக்க மாட்டேன். விடியும்போது பனி இறங்கிப் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுமேடு தெரியாது. அம்மா கோலம் போட்டுச் சாணியில் பூசணிப்பூ வைக்கும்போது அப்பா வாசலோரம் கடலைக்காய்ப் பொட்டை, அதாவது உரித்த தோலை, குவித்துத் தீ மூட்டுவார். வெந்நீர் காயும்வரை நாங்கள் அதைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். சோளத்தட்டையை ஒவ்வொன்றாக நெருப்பில் போடுவது என் வேலை. தம்பி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தள்ளியே நிற்பான். ஒருநாள் நூல்கண்டு உருண்டு அவன் காலடிக்குப் போனது. எடுத்துக்கொண்டு வந்தவன் கொடுக்காமல் நின்றான்.

"யாருக்குங்க இது?"

"உனக்குத்தான் சாமி."

"எனக்கா?"

"ஆமா. கொஞ்சம் கிட்டத்துல வந்து நில்லு. அளவு பாக்கோணும். நான் நெனப்புல போட்டா எப்பவும் சின்னதாப் போயிருது."

தம்பி வந்து நின்றான். அப்பா மூன்று விரல் கையால் அவன் தோளைத் தொட்டு, பின்னலை முதுகில் வைத்துப் பார்த்தார். "இதுல ஒரு லாரி போடுங்க" என்றான் தம்பி. அப்பா சிவப்பு நூலில் மார்பில் ஒரு லாரி போட்டார். யானைக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருந்தது. தம்பி அதைப் போட்டுக்கொண்டு பாலவாடி முழுக்கக் காட்டினான். இரண்டு நாளில் அப்பா மடியை விட்டு இறங்க மறுத்தான். போகியன்று அப்பா அவனைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்துக் கட்டிய காப்பைக் கூரை எறவாரத்தில் சொருகச் சொன்னார். அப்பா எங்களோடு இருந்த முதல் பொங்கல் அது. எங்கள் பக்கம் ஒப்பிட்டு என்று சொல்லும் போளியை அம்மா சுட்டுக்கொண்டே இருந்தார். நாங்கள் தின்றுகொண்டே இருந்தோம்.

சித்திரையில், தாய்மாமாவின் முயற்சியால் சங்ககிரிச் சாலையில் லாரிகளுக்கு எடை போடும் எடைமேடை ஒன்றில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. வண்டி வந்தால் எடை பார்த்துச் சீட்டுக் கிழிக்க வேண்டும். வராத நேரத்தில் சட்டையில் ஊக்கைக் குத்திக்கொண்டு பின்னுவார். வடக்கே போகும் ஓட்டுநர் என்று தெரிந்தால் ஒரு மப்ளரை எடுத்துக் கொடுத்துவிடுவார். "காதக் கட்டிக்கங்க. நாக்பூர் தாண்டுனா காத்து ஊசியாட்டக் குத்தும்" என்பார். காசு வாங்கியதில்லை. அந்தக் குளிரை அவர் சாக்கைப் போர்த்திக்கொண்டு தாண்டியவர்.

வீட்டிலும் குளிர்காலத்துக்கு ஓர் ஒழுங்கு வந்துவிட்டது. ஐப்பசியில் சேலம் கடைவீதிக்குப் போய் நூல் வாங்குவது. கார்த்திகையில் யாருக்கு என்ன நிறம் என்று சண்டை. மார்கழியில் பின்னல். தைப் பொங்கலுக்கு வரும் உறவினர்களுக்குக் கொடுத்தல். எங்கள் ஊரில் ஸ்வெட்டருக்கு வேலை மொத்தமே இருபது நாள் என்பதால், தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பேருந்தில் ஏற்காடு போவோம், போட்டுக்கொள்வதற்காகவே. புளிச்சோறும் தட்டுவடையும் கட்டிக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகளில் தம்பி வாந்தி எடுக்க, மேலே போய் இறங்கியதும் எல்லோரும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்போம். அப்பா தமக்கென்று ஒன்றும் பின்னிக்கொண்டதில்லை. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, பற்கள் தந்தியடிக்க, "எனக்கொண்ணும் குளுரல" என்பார். அம்மா அவரைத் திட்டிக்கொண்டே தன் சேலைத் தலைப்பை இழுத்து அவர் முதுகையும் சேர்த்து மூடிவிடுவார்.

தம்பி பதினோராம் வகுப்புப் படிக்கும்போது ஒரு சங்கடம் வந்தது. அவனுடைய நண்பர்கள் நான்கு பேர் எடைமேடைப் பக்கம் சைக்கிளில் போனபோது அப்பா ஒரு குழந்தைக் குல்லா பின்னுவதைப் பார்த்திருக்கிறார்கள். பள்ளியில் கேலி. தம்பி வீட்டுக்கு வந்து புத்தகப் பையை எறிந்தான்.

"ஏம்ப்பா, ரோட்டு மேல உக்காந்துக்கிட்டுப் பொம்பளையாட்டப் பின்னிக்கிட்டிருக்கீங்க? எனக்கு மானமே போவுதுங்க!"

அம்மா கரண்டியோடு எழுந்துவிட்டார். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "உட்டுரு. அவன் வயசு அது" என்றார். மறுநாள் ஊசிகளை எடைமேடை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டார். வீட்டிலும் எடுக்கவில்லை. அந்த ஐப்பசியில் நூல் வாங்கப் போகவில்லை. கார்த்திகை அப்படியே போனது. வேலையில்லாத நேரத்தில் அப்பா வெறுங்கையோடு சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்தச் சுவரைப் பார்த்த நாட்கள் நினைவுக்கு வந்தன.

மார்கழித் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, நான் மேற்படிப்புக்காகக் கல்லூரிக்குப் போயிருந்ததால் தம்பி அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனான். அப்பா கை கழுவப் போயிருந்தார். ஓட்டுநர் ஒருவர் வந்து, "தம்பி, பெரியவர் எங்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். அவர் கழுத்தில் பச்சை மப்ளர். ஓரமெல்லாம் நைந்து போயிருந்தது.

"இது பெரியவரு அஞ்சு வருசத்துக்கு முன்னால குடுத்ததுங்க. பஞ்சாப் போனாலும் சரி, ராஜஸ்தான் போனாலும் சரி, இது இல்லாம நான் வண்டியெடுக்கறதில்ல. எங்கம்மாகூட எனக்கு இப்பிடிப் பாத்துக் குடுத்ததில்லீங்க தம்பி. இப்ப எம் மச்சானும் வண்டிக்கு வாரான். அவனுக்கொண்ணு கேக்கலாம்னு வந்தேன்."

தம்பி சோற்றுப் பாத்திரத்தை மேசையில் வைத்தான். அப்பா வந்து, "இந்த வருசம் போடலீங்களே. கை வலி" என்று சொன்னதையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறான். பொய் சொன்ன அப்பா அவன் பக்கம் திரும்பவே இல்லையாம்.

அன்று சாயங்காலம் தம்பி யாரிடமும் சொல்லாமல் சேலத்துக்குப் பேருந்தேறி, நாங்கள் வழக்கமாக வாங்கும் கடைக்குப் போனான். கடைக்காரர், "அம்மாவுக்கா தம்பி?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்லீங்க. எங்கப்பாவுக்கு. எங்கப்பாதான் பின்னுவாரு" என்றானாம். கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னேன் என்று எங்களிடம் பிறகு சொன்னான். தன் கைச்செலவுக் காசு மொத்தத்துக்கும் பச்சை நூலாகவே வாங்கி வந்திருந்தான். பையை அப்பா மடியில் வைத்துவிட்டு, "மன்னிச்சுக்கங்கப்பா" என்று சொல்ல வந்தவன் அதைச் சொல்ல முடியாமல் அழுதான். அப்பா நூல்கண்டை எடுத்து மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்து, "எல்லாம் பச்சையாவே வாங்கியாந்திருக்கறயே. ஊரே கிளிக்கூட்டமாட்டத் திரியட்டும்னா?" என்றார். அழுதவன் சிரித்துவிட்டான். அந்தப் பொங்கலுக்கு எங்கள் சொந்தத்தில் பாதிப்பேர் பச்சை மப்ளர் கட்டியிருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். காரணம் இதுதான்.

எனக்குத் திருமணமாகிச் சேலம் அஸ்தம்பட்டிக்கு வந்த பிறகும் மார்கழிக்கு மார்கழி அப்பாவின் பை வந்துவிடும். என் மகள் நாள் நிறையும் முன்பே பிறந்தபோது அவள் தலைக்குப் பொருந்தும் குல்லா எந்தக் கடையிலும் இல்லை. அப்பா மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து ஆரஞ்சுப்பழம் அளவுக்கு ஒன்று பின்னிக் கொடுத்தார். அதைப் பார்த்துப் பக்கத்துக் கட்டில்காரர்கள் கேட்க, ஒரு வாரத்தில் பதினோரு குழந்தைகளுக்குப் பின்னினார். அவர்களில் யாரையும் நாங்கள் பிறகு பார்த்ததில்லை. எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்பாவுக்கு இருமல் தொடங்கியது. மருத்துவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, இளவயதில் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். துளை போடும்போது பறந்த கல்தூள் நுரையீரலில் படிந்து கிடப்பதாகச் சொன்னார்.

"எத்தனை போர்வெல் போட்டிருப்பீங்க, ஐயா?" என்று மருத்துவர் கேட்டார்.

"எண்ணுனதில்லீங்க" என்றார் அப்பா. சற்று யோசித்துவிட்டு, "பாதிக்கு மேல தண்ணி வந்துச்சுங்க" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த நிறைவை மருத்துவரும் பார்த்தார்.

கடைசிக் குளிர்காலத்தை அப்பா என் வீட்டில், ஆக்சிஜன் பொறியின் அருகில் கழித்தார். பனிக்காற்று ஆகாது என்பதால் சன்னல் திறப்பதே பத்து மணிக்கு மேல்தான். எடப்பாடியில் விசைத்தறி மெக்கானிக்காக இருக்கும் தம்பி வாரத்தில் மூன்று நாள் மனைவி மக்களோடு வந்துவிடுவான். அத்தனை பேரும் ஒரே அறையில் அவர் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து அவரைக்காய் உரிப்பதும் மொச்சை தின்பதுமாக இருந்தோம். வீடு அத்தனை நிறைந்திருந்து நான் பார்த்ததில்லை. அப்பாவுக்கு அதிகம் பேச முடியாது. ஆனால் பேச்சு அவரைச் சுற்றி நடக்க வேண்டும். யாராவது எழுந்து போனால், "எங்க போறே? உக்காரு" என்று கையைக் காட்டுவார்.

அத்தனை வருடத்தில் அப்பா அம்மாவுக்கென்று எதுவும் பின்னியதில்லை. அம்மாவுக்குக் கம்பளி பட்டாலே உடம்பெல்லாம் அரிப்பெடுக்கும். "எனக்கு வேண்டாமுங்க, எனக்குக் குளுராது" என்றே சொல்லிவிடுவார். அந்த மார்கழியில் அப்பா தம்பியைப் பக்கத்தில் அழைத்து, தறிப் பட்டறையில் மிச்சமாகும் பருத்தி நூலைக் கொண்டுவரச் சொன்னார். நான்கு இழையை ஒன்றாக முறுக்கித் தரும்படி என்னிடம் சொன்னார். ஒரு நாளைக்கு இரண்டு வரிசை, மூச்சு வாங்காத நாளில் மூன்று வரிசை என்று, தை பிறக்கும்போது வெள்ளையில் ஒரு தோள்துணி ஆகியிருந்தது. பொங்கலன்று அதை அம்மா தோளில் போட்டபோது அம்மா முதலில் கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"அரிக்கலீங்க" என்றார்.

"அரிக்காது. பருத்தி" என்றார் அப்பா. "இது எனக்கு முன்னாலயே தோணியிருக்கோணும்."

மாசி மாதம் ஒரு காலை, வெயில் கட்டிலுக்கு வந்து சேர்ந்த நேரத்தில், அம்மா கொடுத்த வெந்நீரைக் குடித்துவிட்டுக் கண்மூடினார். நாங்கள் எல்லோரும் வீட்டில் இருந்தோம். அந்த ஒன்றுக்காக இறைவனுக்கு எங்கள் நன்றி.

அடிபட்ட நேரத்தில் அப்பாவைத் தோளில் சுமந்து மருத்துவமனைக்கு ஓடி, ஊர்வரை கொண்டுவந்து சேர்த்த சமையல் மாமாவுக்கும், வேலை தேடிக் கொடுத்த தாய்மாமாவுக்கும், ஏறக்குறைய நாற்பது வருடத்துக்கு முன் முன்பின் தெரியாத ஓர் ஆளிடம் இரண்டு ஊசியைக் கொடுத்த அந்தக் கோதுமை ஊர் வீட்டாருக்கும், கடைசி மாதங்களில் கூப்பிட்ட போதெல்லாம் வீட்டுக்கே வந்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், இறுதி நாளில் வண்டியை ஓரம்கட்டிவிட்டு வந்து நின்ற ஓட்டுநர்களுக்கும், பதினாறு நாளும் எங்களோடு இருந்து அடுப்பெரித்த அத்தைமாருக்கும் பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

இதை எழுதி முடித்து அம்மாவிடம் படித்துக் காட்டினேன். நன்றியில் அம்மா பெயரையும் சேர்க்கட்டுமா என்று கேட்டேன்.

"எனக்கெதுக்கு சாமி நன்றி" என்றார். பிறகு, "எழுதறதுன்னா இதை எழுது" என்றார்.

"கண்ணாலமாகிப் பதினாலு மார்கழி அவரில்லாம இருந்தேன். அதுக்கப்புறம் இருவத்தேழு மார்கழி ஒருநாள் உடாம எம் பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. எனக்கொரு கொறையும் இல்ல."